படம் மாற்றும் கூலி

மூணாறில் நான் கம்ப்யூட்டர் கடை நடத்திய காலத்தில், என் வருமானத்தில் ஒரு பங்கு பிறருடைய தெரியாமையிலிருந்து வந்தது. போட்டோவை ஜேபெக்காக மாற்றுவது, கே.பி. குறைப்பது ஆகிய இரண்டு வேலைகளுக்கும் எஸ்டேட் லயங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள். ஏதோ ஓர் இலவசத் தளத்தில் படத்தை ஏற்றுவேன், மாறி வந்ததை இறக்கிக் கொடுப்பேன், பத்து ரூபாய் வாங்கிக்கொள்வேன். ‘இதை நீயே செய்யலாம்’ என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர்களுக்கு அது தெரிந்துவிட்டால் யார் என்னிடம் வருவார்கள்?

எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தேவை ஓயாது. தேவிகுளமோ பீருமேடோ சித்தூரோ, பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களின் கண் கேரள அரசுப் பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி. மேல்தான். மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு வாசல் இருக்கிறது. படம் ஜேபிஜியாக, அதாவது ஜேபெக்காக, இருக்க வேண்டும், அகலம் 150 பிக்சல், உயரம் 200 பிக்சல், 30 கே.பி.க்கு மேல் போகக் கூடாது, படத்தின் அடியில் பெயரும் எடுத்த தேதியும் வேண்டும். கையெழுத்துக்குத் தனி அளவு. செல்போனில் எடுத்த படமோ பல எம்.பி. இருக்கும். ஐபோன் வைத்திருக்கும் அண்ணன் எடுத்துக் கொடுத்தால் இன்னும் சிக்கல். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படத்தை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கின்றன. அந்தக் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் ஜேபிஜி என்று திருத்திக்கொண்டு வருவார்கள். பெயர் மாறினால் கோப்பு மாறுமா? தளம் துப்பிவிடும். பிறகு என் கடைதான்.

ஒரு மழைக்காலத்தில் பிராட்பேண்ட் அறுந்துபோனது. எல்.டி. கிளார்க் விண்ணப்பத்துக்குப் படம் மாற்ற ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். நெட் இல்லாமல் ஒன்றும் முடியாது என்று சொல்லிவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இதே தொழில் செய்யும் நண்பனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

“படத்த மாத்தறதுக்கு எதுக்குடா நெட்டு? பெயிண்ட்ல தொறந்து சேவ் ஆஸ் குடு. ரீசைஸ்ல பிக்சல் போடு. முடிஞ்சுது” என்றான்.

முடிந்துதான் போனது. என் கம்ப்யூட்டரில் முதல் நாளிலிருந்தே அந்த வசதி இருந்திருக்கிறது. அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் பத்து ரூபாயை எடுத்து நீட்டினாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கேள்வி உறுத்தவே, இந்த ஃபார்மட்டுகளின் உள்வேலையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜேபெக் 1992இல் தரப்படுத்தப்பட்டது. அதன் அடித்தளத்தில் இருக்கும் கணக்கு, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது யோசித்தது. 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இதற்கு நிதி கேட்டார், கிடைக்கவில்லை. தன் மாணவர் டி. நடராஜனையும் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. உலகத்தின் பெரும்பாலான போட்டோக்கள் இன்று அந்தக் கணக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. ஆகவே நிறத்தின் நுணுக்கத்தையும், கட்டத்துக்குள் உள்ள மிக மெல்லிய மாற்றங்களையும் அது தூக்கி எறிகிறது. கே.பி. இறங்குவது அப்படித்தான். எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். முகத்துக்கும் மலைக்கும் இது பொருந்தும், எழுத்துக்குப் பொருந்தாது. கூர்மையான விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். கிஃப் படத்தின் காப்புரிமைத் தகராறிலிருந்து பிறந்து 1996இல் வந்த பிஎன்ஜி எதையும் எறியாது. கோப்பு பெரிதாக இருக்கும், எழுத்து எழுத்தாகவே நிற்கும்.

கே.பி. குறைப்பதன் உண்மையான விலை என்ன என்பதைப் பிற்பாடு ஓர் அப்பாவிடம் கண்டேன். மகன் தவறிவிட்டான், மாலை போட்டு மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று பென்டிரைவ் கொண்டுவந்தார். அதில் இருந்தது பி.எஸ்.சி.க்காக எங்கோ சுருக்கிய படம் ஒன்றே ஒன்று. அடியில் பெயரும் தேதியும் இருந்தன. 150 பிக்சல் அகலத்தைத் தெளிவாக அச்சடித்தால் அரை அங்குலம்தான் வரும். பெரிதாக்கினேன், முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. மூலப்படம் இருந்த போன் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. சுருக்கிக் கொடுத்தவர் மூலத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கலாம். நானும் அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னவன் இல்லை.

இதைவிடக் கனமானவை பழைய காகிதங்கள். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10இல் வந்தது. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியதைக் காட்டினால்தான் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ். எஸ்டேட்டில் தாத்தா பெயர் இருக்கும் பதிவேட்டுப் பக்கம் என்று எதெதையோ தேடி எடுத்து வருவார்கள். வெளிறிய மையில் எழுதிய அந்தப் பக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிறகு ஒரு தளத்தில் சுருக்கினால் ‘1948’இன் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாமல் போகும். ஓர் எண் மங்கினால் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் ஆட்டம் காணும். இப்படிப்பட்ட பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து பிஎன்ஜியாக வைத்துக்கொள்ள வேண்டும். தளம் கேட்கும் சின்ன ஜேபெக்கைக் கடைசியில் ஒரே ஒரு முறை அதிலிருந்து எடுக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் அது சுருக்கப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இலவசத் தளங்களில் ஏற்றியவை வெறும் முகங்கள் அல்ல. ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ் எல்லாம் போயின. அவை எந்த நாட்டில் உள்ள எந்தக் கம்ப்யூட்டருக்குப் போயின என்று நானும் கேட்கவில்லை, கொடுத்தவர்களும் கேட்கவில்லை. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளங்கள் எழுதி வைத்திருக்கும். அழித்தார்களா என்று பார்க்க நமக்கு வழியில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ, டென்வர் அலுவலகம் வழியாக ஓர் எச்சரிக்கை விடுத்தது. இலவசக் கன்வர்ட்டர்களில் சில, சொன்னபடி கோப்பை மாற்றித் தந்துகொண்டே கம்ப்யூட்டருக்குள் வைரஸை நுழைக்கின்றன, ஏற்றிய கோப்புகளிலிருந்து அடையாள எண்களையும் வங்கி விவரங்களையும் உருவுகின்றன என்றது. வேலை சரியாக நடந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எல்லாத் தளமும் அப்படியல்ல. 2018இல் கூகுளின் குரோம் குழு வெளியிட்ட ஸ்கூஷ் போன்றவை, படத்தை எங்கும் அனுப்பாமல் நம் பிரவுசருக்குள்ளேயே மாற்றுகின்றன. சோதிப்பதும் சுலபம். பக்கம் முழுதாகத் திறந்தபின் நெட்டை அணைத்துவிட்டுப் படத்தை மாற்றிப் பாருங்கள். மாறினால் படம் உங்கள் கையிலேயே இருக்கிறது. மாறாவிட்டால் அது வேறெங்கோ போய் மாறிவருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நெட்டை அணைக்கும் வேலையை மூணாறே செய்து தரும். ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தொட்டுவிட்டால் இனி எடுக்கும் படமெல்லாம் ஜேபெக். ஆதாரை எங்காவது கொடுக்க வேண்டியிருந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் ஏற்கப்படுமா என்று முதலில் கேளுங்கள்.

இதையெல்லாம் கடைக்கு வருபவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தபோது பத்து ரூபாய் வேலை குறைந்தது நிஜம். காலேஜ் பிள்ளைகள் தங்கள் போனிலேயே செய்துகொண்டார்கள், தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரவுக்கு ஈடாக வேறொன்று உடனே வந்துவிடவில்லை. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்யும் வேலை மெதுவாகத்தான் வந்தது. அதற்குக் கூடுதலாகக் கேட்கிறேன், தயங்காமல் கேட்கிறேன். அதில் என் கண்ணும் நேரமும் போகின்றன.

கொழுந்து பறித்துவிட்டு நேரே வரும் அக்காக்கள் சிலர் இன்றும், “நீயே மாத்திக் குடுத்துரு தம்பி, எனக்கு எங்க நேரம்?” என்கிறார்கள். மாற்றித் தருகிறேன், கூலியும் வாங்குகிறேன். முன்பும் இதே வேலை, இதே பத்து ரூபாய்தான். இப்போது திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு செய்கிறேன். மூலப்படத்தைத் தனியே அவர்கள் போனில் சேமித்துக் காட்டுகிறேன். என் கம்ப்யூட்டரில் இருக்கும் நகலை அவர்கள் கண் முன்னாலேயே அழித்த பிறகுதான் கை நீட்டுகிறேன்.