ஏற்காட்டுக் காப்பிக் களமும் இந்தியக் கால்பந்தும்

2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கத்தார் நாட்டில் நிகழ்ந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் நம் இந்திய அணி ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என்னும் மூன்று நாடுகளோடு மோதி, மூன்றிலும் தோற்று, ஒரு கோலேனும் போடாமல் திரும்பியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கோவாவிலே சிங்கப்பூரிடம் 2-1 என்ற கணக்கில் தோற்று, 2027-ஆம் ஆண்டுக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பையும் இழந்தது. இடையே தலைமைப் பயிற்சியாளர் இருமுறை மாறினர்.

இவை பற்றி நம் விடுதி உணவறையில் எழும் வாதங்களை நண்பர்கள் அறிவார்கள். பின்னே நால்வர், நடுவே மூவர், முன்னே மூவர் நிற்றல் வேண்டும் என்பார் ஒருவர். அன்று, முன்னே ஒருவர் நின்றாற் போதும், நடுவே ஐவர் வேண்டும் என்று தண்ணீர்க் குவளைகளை மேசைமேல் பரப்பிக் காட்டுவார் மற்றொருவர். குவளைகள் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கின்றன; அவற்றினிடம் பந்து வருவதில்லை என்பதே அவ்வியூகத்தின் சிறப்பு. தன்னிடம் விரைந்து வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கி, தலை நிமிர்ந்து, அடுத்தவனைக் காண வல்லவர் பதினொருவர் இருந்தாலன்றி எந்த வியூகமும் காகிதத்தைவிட்டு எழாது என்பது என் துணிபு. அவ்வல்லமையோ இருபது வயதில் ஒரு பயிற்சியாளர் வந்து ஊட்டுவதன்று. பெரும்பாலும் ஆறு வயதிற்கும் பன்னிரண்டு வயதிற்கும் இடையே காலில் ஊறிவிடுவது. இதனை யான் பத்திரிகைகளிற் படித்ததினும் எங்கள் மலையிற் கண்டதே மிகுதி.

யான் சேர்வராயன் மலையினன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1500 மீட்டர். அங்கிருந்து மேலும் சில கல் தொலைவிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் என் தந்தையார் கணக்கர். எங்கள் பக்கத்தில் எதற்கும் குறைவில்லை, சமநிலத்திற்குத்தான் குறைவு. 1917-இல் தோன்றிய மான்போர்ட் பள்ளி போன்ற பழம்பள்ளிகளுக்கு நல்ல திடல்கள் உண்டு. சிற்றூர்ச் சிறுவர்க்கு வாய்த்ததோ காப்பிக் கொட்டை உலர்த்தும் களமே.

அக்களத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நீளம் முப்பத்தைந்து தப்படி, அகலம் இருபது தப்படி இருக்கலாம். மேற்கே கிடங்கின் சுவர். கிழக்கே களம் முடிந்ததும் நிலம் செங்குத்தாக இறங்கிவிடும். அங்கே சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும், கீழே காப்பிச் செடிகளும், இடையிடையே உண்ணி முட்புதர்களும். தளமும் மழைநீர் வடிவதற்காகக் கிழக்கே சிறிது சரிந்தே இருக்கும். பழம் பறிக்கும் காலமாகிய கார்த்திகை முதல் மாசி வரையில் களமெங்கும் காப்பி காயும். அப்பொழுது ஆட்டம் கிடையாது. ஏனை மாதங்களில் பள்ளி விட்டதும் பக்கத்திற்கு ஐவராகவோ அறுவராகவோ சிறுவர் கூடிவிடுவர். சட்டம் ஒன்றே: பந்தை வெளியே உதைத்தவனே இறங்கிச் சென்று எடுத்து வருதல் வேண்டும். சில வேளை பந்து அரைக்கல் தூரமும் உருண்டு போகும்.

இச்சட்டம் செய்யும் வேலையை எந்தப் பயிற்சியாளரும் செய்திரார். அங்கே எவனும் பந்தை வானில் எற்றுவதில்லை. பந்து முழங்காலுக்குக் கீழேயே நடமாடுகிறது. உருண்டோடும் பந்தை உள்ளங்காலால் மிதித்து நிறுத்துகிறான். சரிவு ஒரு பக்கம் இழுப்பதால் இடக்காலையும் வலக்காலையும் ஒப்பப் பழக்கிக் கொள்கிறான். எதிரி இரண்டடித் தொலைவில் நிற்பதால் பந்து வருமுன்னரே அதனை எங்கே தள்ளுவதெனத் தீர்மானித்திருக்கிறான். சுவரையும் ஒரு தோழனாக்கி, அதிலே பந்தை மோதவிட்டு எதிரியின் மறுபுறம் சென்று வாங்கிக் கொள்ளும் தந்திரம் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அங்கே தெரியும்.

உலகறிந்த செய்தியொன்று இதனோடு ஒத்திருக்கிறது. 1930-ஆம் ஆண்டு உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சார்ந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர், பக்கத்திற்கு ஐவராகச் சிறிய தளத்தில் ஆடும் ஒருவகைக் கால்பந்தை வகுத்தார். ஃபுட்சால் என்று இன்று வழங்குவது அதுவே. பிரேசில் நாட்டின் பேர்பெற்ற ஆட்டக்காரர் பலர் சிறு வயதில் அதிலேயே கால் பழகினர். காரணம் எளிய கணக்கே. முழுத் திடலில் பந்து ஒன்று, ஆள் இருபத்திருவர். 90 நிமிடத்தைச் சமமாகப் பங்கிட்டாலும் ஒருவனுக்கு நாலு நிமிடம்தான். பந்து வெளியே கிடக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. பதின்மர் ஆடினால் பங்கு இருமடங்கிற்கும் மேலாகிறது.

தமிழ் பயில்வோன் ஆதலின் ஒன்று சொல்லாமற் போக மனமில்லை. எங்கள் கொங்குநாட்டுக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் மகளிர் பந்தாடும் பகுதியில், ஒவ்வொருத்தியும் எத்தனை அடி அடித்தாள் என்பது ஆயிரக் கணக்கில் எண்ணிச் சொல்லப்படுகிறது. அது கைப்பந்தே. ஆயினும் பந்தாட்டத் திறனை அளக்க அப்புலவர் கொண்டது ஆடுபவரின் உயரத்தையன்று, அடியின் எண்ணிக்கையையே.

இனி, திறன் இருந்தால் மட்டும் போதுமா, வியூகமே வேண்டாவா என நண்பர் கேட்கலாம். வேண்டும். நம் நாட்டு வரலாறே அதற்குச் சான்று. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சுக்கு ஈடு கொடுத்து, சாரங்கபாணி ராமன் கோல் அடித்தும், இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 2-1 என்று தோற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கினர். கால்களிற் கலை இருந்தது. அதனைக் கோக்கும் நூல் இல்லை.

அந்நூலைக் கோத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். 1950 முதல் 1963-இல் காலமாகும் வரை இந்திய அணியைப் பயிற்றியவர். தொழிலாற் பள்ளியாசிரியர், அதுவே அவர் வெற்றியின் இரகசியம் என்பேன். 1953-இல் ஹங்கேரி அணி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வென்றபோது, அதன் நடு முன்னணியாளர் ஹிதேகுட்டி முன்னே நில்லாமல் பின்வாங்கி நின்று எதிரிகளைக் குழப்பினார். அம்முறையை ரஹீம் கற்று 1956-இல் மெல்போர்னில் கையாண்டார். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிஸௌஸா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் அரையிறுதி ஏறிய முதல் ஆசிய அணி என்ற பெயர் நமக்கு வந்தது. 1962-இல் ஜகார்த்தாவில், தலையிற் காயப்பட்டுக் கட்டோடிருந்த பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கை முன்னணியில் நிறுத்தினார், அவரும் பி. கே. பானர்ஜியும் ஆளுக்கொரு கோல் அடிக்க, தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொணர்ந்தனர்.

இவற்றை எல்லோரும் எழுதுகின்றனர். யான் வியப்பது வேறொன்று. அவர் இளைஞர்க்கு நடத்திய பந்தயங்களில் சிலவற்றில், பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்பது விதி. வேறு சிலவற்றில், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடவே கூடாது. வந்தவுடன் தள்ளிவிட வேண்டும். சரிவும் முட்புதரும் எங்கள் சிறுவர்க்கு இட்ட விதிகளையே அவர் அறிவால் வகுத்து இட்டிருக்கிறார்! பிள்ளைகளின் கால்களை முதலிற் பழக்கி, அக்கால்களுக்கு ஏற்ற வியூகத்தைப் பின்னர் அமைத்தார். நாம் இன்று பிற நாட்டு வியூகத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கால்களைத் தேடுகிறோம்.

தேடும் முறையோ இன்னும் வேடிக்கை. எங்கள் களத்தில் ஆடுபவருள் மலையாளிச் சிறுவன் ஒருவன் உண்டு. மலையாளி என்றதும் கேரள நாட்டானென மயங்கற்க. எங்கள் மலைப் பழங்குடியினரின் பெயர் அது. காஞ்சியிலிருந்து வந்தோர் தம் முன்னோர் என்பது அவர்கள் வழக்கு. அச்சிறுவனுக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. பார்ப்பதற்கு ஒன்பது எனலாம். மூவர் சூழ நின்றாலும் அவன் காலிலிருந்து பந்தைப் பிரித்தெடுத்தல் அரிது. கீழே சமவெளியில் எங்கோ இளையோர் தேர்வு நடக்கிறதென்று கேட்டு அவனை அழைத்துச் சென்றேன். முதலில் உயரம் அளந்தனர், எடை பார்த்தனர், ஓடவிட்டனர். பிறகு இருபத்திருவரை முழுத் திடலில் இறக்கிப் பதினைந்து நிமிடம் ஆடவிட்டனர். வளர்ந்த பிள்ளைகள் பந்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எற்றிக்கொண்டிருந்தனர். இவன் பெயர் அழைக்கப்படவில்லை.

திரும்பும் பேருந்தில், "எப்படி இருந்தது தம்பி?" என்றேன்.

"பந்து தலைக்கு மேலேயே போச்சு அண்ணா. காலுக்கு வந்தது ரெண்டு தடவைதான். அந்த ரெண்டையும் நான் விடலையே" என்றான்.

அது மெய், யான் பார்த்தேன். அவ்விரண்டையும் எழுதிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. பெல்ஜியம் ஒரு கோடியே சில இலட்சம் மக்களேயுள்ள நாடு; தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கும் இராது. அந்நாட்டார் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தம் முறையைத் திருத்தியபோது, மிக இளம் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டனர். இருவருக்கிருவர், ஐவருக்கைவர் எனச் சிறு தளத்தில் ஆடவிட்டனர். உடல் தாமதித்து வளரும் சிறுவர்க்கெனத் தனி அணியும் வைத்தனர். 2018-இல் உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றனர். நம் நாட்டிலோ பன்னிரண்டு வயதில் மீசை அரும்பியவனே கோப்பை வாங்கித் தருகிறான். அவனே தேர்வு பெறுகிறான். பதினெட்டில் எல்லோரும் வளர்ந்துவிட்ட பின்பு அவனிடம் எஞ்சுவது என்ன?

களத்தையே யான் தெய்வமாக்கவில்லை. அங்கே பழகியவனுக்கு நாற்பது கெஜம் அப்பால் நிற்கும் தோழன் கண்ணிற் படுவதில்லை. தலையால் முட்டவும் தெரியாது. மழையில் ஊறிய பெருந்திடலில் ஒரு மணி ஓடினால் இளைத்துவிடுவான். இவற்றைக் கற்பிக்கத் திடல் வேண்டும், ஆசிரியரும் வேண்டும். 1960-இல் உரோமையில் பெரு நாட்டிற்கெதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தஞ்சைத் தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் அதுவே. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அடுத்த கோலுக்குக் காத்திருக்கும் நாடு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் நாலாண்டு காத்திருக்க மாட்டாதா?

அச்சிறுவன் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பு. பறிப்புக் காலத்தில் விடுமுறை நாட்களிலே தாயோடு காப்பி பறிக்கச் செல்கிறான். மற்ற நாட்களில் மாலைதோறும் ஆட்டம் உண்டு. சென்ற விடுமுறையில் யான் போனபோது களத்தின் கீழ்ப்பாதியில் நான்கு மூலைக்கும் அளவுக்கல் நட்டிருந்தனர். உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக் குடில்கள் கட்டப் போகிறார்களாம். எப்பொழுது தொடங்கும் என்று என் தந்தையாருக்கும் தெரியவில்லை. கற்களுள் இரண்டு சரியாக எட்டடி இடைவெளியில் அமைந்துவிட்டமையால், சிறுவர்கள் அவற்றையே கோல் கம்பங்களாக வைத்துக்கொண்டு ஆடுகின்றனர்.