"நீங்க சொன்னதத்தானே டீச்சர் அடிச்சேன்"

கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம ஊர் ராத்தா ஒருவரின் கடையைப் பற்றியது என்பதால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு தாய்மார் கதைத்துக்கொண்டு நின்றார்கள். "அந்தக் கடையில டைப் பண்ணக் குடுக்காதீங்க கா. அவட மெஷின்ல வெச்சதெல்லாம் காணாமப் போயிடும்." எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்த மெஷினில் இருந்ததை இல்லாமல் ஆக்கியது ராத்தா இல்லை. நான்.

கலாசாலையில் படிக்கிற காலத்தில் என்னிடமிருந்த பழைய லெப்டொப்பில் விண்டோஸ் அசையவே மாட்டாது. வேறு வழியில்லாமல் லினக்ஸ் போட்டுப் பழகினேன். பிறகு பாடசாலை லெப்பில் மூலையில் கிடந்த கொம்பியூட்டர்களுக்கும் போட்டேன். ஊருக்குள் கதை பரவி, "டீச்சர், இது வேலை செய்யுதில்ல" என்று இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப் வரும். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேள்வியை முழுதாகக் கேட்க முதலே பதில் சொல்கிற பழக்கமும் அந்தப் பெருமையோடுதான் வந்தது.

ராத்தாவின் கடைக்கு வருகிற எல்லோரும் பென் ட்ரைவோடு வருவார்கள். பாதியில் வைரஸ் இருக்கும். ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்து விண்டோஸ் போட்டு எடுப்பார். மூன்று வருடத்துக்கு முதல், "லினக்ஸ் மின்ட் போட்டுத் தாறன் ராத்தா, இந்த வைரஸ் அதுல ஓடாது" என்று சொல்லி நான்தான் மாற்றிக் கொடுத்தேன். லிப்ரே ஒபிஸ், பாமினி எழுத்துரு, போட்டோகொப்பி பிரின்டர் எல்லாம் சரி செய்து கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது.

போன வருடம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு கோல் வந்தது. "டீச்சர், பாஸ்வேர்ட் அடிச்சா திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட்தான் கேக்குது. உள்ள போகுதில்ல. கடையில ஆக்கள் நிக்கிறாங்க."

நான் அடுப்படியில் நின்றேன். டிஸ்க் நிரம்பினால் இப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அது மட்டும் போதும் என்று நினைத்துவிட்டேன். எது நிரப்பியது என்று பார்க்கச் சொல்லவில்லை. "ரெண்டு நிமிச வேலை ராத்தா" என்று சொல்லி, கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்த வைத்தேன். கறுப்புத் திரை வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "ஆர்.எம். ஸ்பேஸ். மைனஸ் ஆர்.எஃப். ஸ்பேஸ். டொட் கேஷ். சிலேஷ்." அந்த இடத்தில் சட்டி பொங்கியது. மூடியைத் தூக்கிவிட்டு வந்து, "ஸ்டார். என்டர்" என்றேன்.

நான் நிறுத்திய இடத்தில் ராத்தா ஒரு ஸ்பேஸ் அடித்திருக்கிறார்.

லினக்ஸ் பழகாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். ஆர்.எம். என்றால் அழி. சிலேஷும் ஸ்டாரும் ஒட்டி இருந்தால், "அந்தக் கேஷ் ஃபோல்டருக்குள் உள்ளதை அழி" என்று அர்த்தம். நடுவில் ஸ்பேஸ் வந்தால் அது இரண்டு கட்டளை மாதிரி. கேஷையும் அழி, நீ நிற்கிற இடத்தில் உள்ள எல்லாவற்றையும் அழி. ராத்தா நின்றது அவரது ஹோம் ஃபோல்டரில். மைனஸ் எஃப் போட்டிருப்பதால், "அழிக்கவா?" என்று அது ஒரு வார்த்தை கேட்காது. ஆர்.எம். அழித்தது குப்பைத்தொட்டிக்கும் போகாது.

"டீச்சர், உள்ள போயிட்டு! அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்" என்றார் சந்தோசமாக. ஆமாம், இடம் காலியானால் உள்ளே போகும்தானே. அரை நிமிடம் கழித்து, "டீச்சர், டொகியுமென்ட்ஸ்ல ஒண்டுமே இல்லியே?"

அந்த நேரம் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "நான் சொன்னத அப்படியே அடிச்சீங்களா?" என்பதுதான்.

"நீங்க சொன்னதத்தானே டீச்சர் அடிச்சேன்." குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். மெஷினை உடனே நிப்பாட்டச் சொன்னேன். ஹார்ட் டிஸ்கில் அழித்த பைல், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மெஷின் ஓட ஓட மேலே எழுதுப்பட்டுக்கொண்டே இருக்கும். லைவ் பென் ட்ரைவில் மெஷினைத் திறந்து, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, கிடைத்ததை வேறொரு டிஸ்கில் சேர்த்தேன். விடியும்வரை ஓடியது. நாலாயிரத்துச் சொச்சம் பைல்கள் வந்தன.

ஒன்றுக்கும் பெயர் இல்லை. போட்டோரெக் பைலின் உள்ளமைப்பைப் பார்த்துத்தான் மீட்கும், பழைய பெயரும் ஃபோல்டரும் அதற்குத் தெரியாது. எல்லாம் ஓர் எழுத்தும் இலக்கங்களும்தான். தமிழ்ப் பெயர் போட்டுத் தேடலாம் என்று பார்த்தால் கடிதமெல்லாம் பாமினியில். பாமினியில் நமக்குத் தமிழாகத் தெரிவது கொம்பியூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். நானும் ராத்தாவின் மகளும் ஒன்பது இரவு இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தோம். ஒரு ஏ.எல். பிள்ளையின் செயற்றிட்ட அறிக்கை, இரண்டு தம்பிமாரின் சுயவிபரக் கோவை, இன்னும் சில வரவே இல்லை.

பிறகுதான் எது நிரப்பியது என்று பார்த்தேன். பிரின்டர் சம்பந்தமான ஒரே பிழைச் செய்தி திரும்பத் திரும்ப எழுதுப்பட்டு, லொக் பைல் ஒன்று 90 ஜிபிக்கு மேல் வளர்ந்திருந்தது. கேஷில் ஒன்றுமே இல்லை. நாடி பிடிக்காமல் மருந்து கொடுத்திருக்கிறேன்.

கேட்டு வந்தவர்களிடம் ராத்தா சொன்னது, "மெஷின் பழுதாயிட்டு, மன்னிச்சிக்கோங்க" என்பது மட்டும். என் பெயரைச் சொல்லவே இல்லை. ஒரு வருடமாக அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த இரண்டு தாய்மாரின் பேச்சைக் கேட்ட பிறகு இருக்க முடியவில்லை. நேற்று கடைக்குப் போய், "நடந்தத எழுதப் போறன் ராத்தா" என்றேன். "முடிஞ்ச கதை, விடுங்க டீச்சர்" என்றார். அவருக்கு ஆள் குறைந்திருக்கிறது. எப்படி முடிந்த கதையாகும்?

அந்த நாளுக்குப் பிறகு நான் உதவி செய்கிற முறையை மாற்றிக்கொண்டேன். மற்றவர்களுக்கு உதவுகிற தம்பி தங்கச்சிமாருக்கும் பயன்படலாம்.

முதலில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். "எரர் வருது" என்றால் போதாது. அந்த வரியில்தான் பாதிப் பதில் இருக்கும்.

முதல் கட்டளை எப்போதும் பார்க்கிற கட்டளைதான். டிஸ்க் நிரம்பியதா என்று காட்ட டி.எஃப். மைனஸ் எச். எந்த ஃபோல்டர் பெரிது என்று காட்ட டி.யு. மைனஸ் எஸ்.எச். இரண்டும் எதையும் மாற்றாது.

அழிக்கத்தான் வேண்டுமென்றால், ஆர்.எம். வருகிற இடத்தில் முதலில் எல்.எஸ். போட்டு அதே வரியை அடிக்கச் சொல்வேன். அது காட்டுகிற பட்டியல்தான் அழியப்போகிற பட்டியல். பார்த்து, சரியென்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் மற்றது.

போனில் எழுத்துச் சொல்வதில்லை. மெசேஜாக அனுப்பி, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று பக்கத்தில் தமிழில் எழுதுவேன். விளங்காவிட்டால் அடிக்க வேண்டாம் என்றும் எழுதுவேன். அடுப்படியில் நின்றால், "அரை மணித்தியாலத்தில் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன்.

ராத்தாவுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். போன மாதம் அவரே கோல் எடுத்தார். "டீச்சர், டி.எஃப். அடிச்சிப் பார்த்தன், 97 வீதம் காட்டுது. டி.யு. அடிச்சன், டவுன்லோட்ஸ்தான் பெரிசு. ஆக்கள்ட பழைய வீடியோதான் கிடக்கு. எல்.எஸ். போட்டுப் பார்த்துட்டன். அழிக்கவா?" நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "அழிங்க ராத்தா" என்றேன்.

இப்போது ஒவ்வொரு நாளும் கடை பூட்ட முதல் அவரது மகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுக்கிறாள். அந்த டிஸ்க் வீட்டில்தான் இருக்கும். ஆகவே தயங்காமல் அந்தக் கடைக்கே வேலை கொடுங்கள். அன்று பைல் இழந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கையெழுத்துப் பிரதி இருந்தால் நானே டைப் பண்ணித் தருகிறேன். அந்தத் தாய்மார் இருவரும் வாசித்தால், கடைக்கு ஒரு தடவை போய்வாருங்கள்.