சிட்டையும் பேரேடும்

எங்கள் துறையின் மூலையில் ஒரு பழைய கணினி, லினக்ஸ் வழங்கியாக ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டிய ஒப்பாரிப் பாடல்களின் சொல்லடைவு அதில்தான் இருந்தது. 2010 கோடையில் ஒரு பிற்பகல் மின்சாரம் நின்றது, யூ.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. மின்சாரம் வந்ததும் வழங்கி எக்குறையும் கூறாமல் எழுந்தது. சொல்லடைவுக் கோப்பின் பெயர் இருந்தது. அளவு மட்டும் 0 பைட்.

பணிக்குப் புதியவர்களான நாங்கள் இருவரும் திகைத்தோம். எக்ஸ்ட்4 கோப்பமைப்பு ‘ஜர்னல்’ வைத்திருக்கிறது, எதுவும் போகாது என்றே நம்பியிருந்தோம்.

ஜர்னல் என்பது வணிகர்களின் சிட்டை போன்றது. எதையும் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகே பேரேட்டில் ஏற்றுவார்கள். எக்ஸ்ட்2 காலத்தில் சிட்டை கிடையாது. மின்சாரம் நின்றால் வட்டு முழுவதையும் சரிபார்க்க வேண்டும். ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3, 2001 இறுதியில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தபின், சிட்டையைத் திருப்பிப் படித்தாலே போதும் என்றாயிற்று.

ஆனால் இயல்பான அமைப்பில் அந்தச் சிட்டையில் ஏறுவது கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் ஆகியனவே. உள்ளே எழுதிய சொற்கள் அல்ல. இதைத்தான் நாங்கள் அறியவில்லை. எக்ஸ்ட்3 ஏறத்தாழ ஐந்து நொடிக்கொருமுறை சொற்களையும் வட்டில் இறக்கிவிட்டே சிட்டையை முடித்தது. எங்கள் அலட்சியம் அதில் மறைந்திருந்தது. 2008 டிசம்பரில் நிலைபெற்ற எக்ஸ்ட்4, வேகம் கருதி, சொற்களுக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடும். அரை நிமிடம் வரைகூட அவை நினைவகத்தில் மட்டுமே நிற்கும். எங்கள் நிரலோ புதிய கோப்பை எழுதியவுடன் பழையதை அழித்துவிடும். அழித்த செய்தி சிட்டையில் ஏறிற்று; சொற்கள் வட்டுக்கு வந்துசேரவில்லை.

2009-இல் பலர் இப்படியே கோப்புகளை இழந்து வாதிட்டிருந்தனர். எக்ஸ்ட்4-இன் பொறுப்பாளர் தியோடர் ட்ஸோ சில வழக்கமான பிழைகளுக்குக் கெர்னலிலேயே காப்புச் செய்தார். எங்கள் பிழை அவற்றுள் அடங்கவில்லை.

இப்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, ‘எஃப்சிங்க்’ கட்டளையால் வட்டில் இறக்கிய பின்னரே அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறோம். சற்றுத் தாமதமாகும்; ஆகட்டும்.

குறுந்தகட்டில் இருந்த படி இரண்டு மாதப் பழையது. அந்த இரண்டு மாதங்களில் சேர்த்த வட்டாரச் சொற்களுக்குப் பொருள் சொன்ன பாட்டி அதற்குள் இறந்திருந்தார். மாணவர் ஒருவரின் துண்டுத்தாள்களிலிருந்து பாதிச் சொற்களை மீட்டோம். மீதிச் சொற்களுக்கு எதிரே இன்றும் கேள்விக்குறியே நிற்கிறது.