பிள்ளை சரி, அம்மா?

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எடை கேட்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், "பால் பத்துதா?" என்கிறார்கள். "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்கத்தான் ஆளில்லை. பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் உடம்பைத் தேற்றும். தாய்க்குக் காரணம் தெரியாமல் வரும் அழுகையை? இரண்டு வாரத்தில் அடங்கினால் சரி. அதைத் தாண்டினால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு. இதைக் கண்டறிய உதவும், 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். தடுப்பூசி போடப் போகும் இடத்திலேயே கேட்டுவிடலாம். ஆலோசனை போதாமல் மாத்திரை தேவைப்பட்டாலும், பாலூட்டும்போது எடுக்கக்கூடியவை இருக்கின்றன, மருத்துவர் சொல்வார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு உண்டு. உடனே பேச டெலி மானஸ் மனநல உதவி எண், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். தாய் தயங்கினால், மாமியாரோ கணவரோ எண்ணை அழுத்திக் கொடுங்கள்.