இரண்டு அடுப்புக்கு ஒரு புகைபோக்கி

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் சேரும் நாட்டுச் சர்க்கரையைத் தேவஸ்தானம் ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்தில் வாங்குகிறது. கீழ்பவானி வாய்க்கால் பாயும் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆலைகளுக்கு நான் போனது சர்க்கரைக்காக அல்ல, புகைபோக்கிக்காக.

ஆலை என்றால் பெரிய தொழிற்சாலை இல்லை. ஓலையோ தகரமோ வேய்ந்த ஒரு கொட்டகை, சாறு பிழியும் இயந்திரம், தரைமட்டத்தில் ஒரு கொப்பரை, அதற்குக் கீழே பள்ளத்தில் அடுப்பு. சாற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அத்தனையையும் ஆவியாக்கி, பாகை 120 டிகிரி வரை ஏற்றினால்தான் சர்க்கரைப் பதம் வரும். நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ தேறும். விறகு கிடையாது, பிழிந்த சக்கையை வெயிலில் காயப்போட்டு அதையே எரிக்கிறார்கள். பிழிந்த உடனே சக்கையில் பாதி எடை ஈரம். அது சரியாகக் காயாவிட்டாலும், அடுப்புக்குக் காற்று போதாவிட்டாலும், சக்கை புகையும், எரியாது.

பதம் பார்ப்பவரைத்தான் எல்லோரும் போற்றுகிறார்கள். அவர் கொப்பரைக்கு மேலே, வெளிச்சத்தில் நிற்கிறார். அடுப்பு வாயில் சக்கை தள்ளுகிறவர் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் போயிருந்த ஆலையில் அந்த வேலையைச் செய்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. கண் இரண்டும் சிவந்திருந்தன. "மின்ன இத்தன பொகை இல்லீங்க. ரெண்டாவது அடுப்பு வெச்சதுக்கப்பறந்தான் மூஞ்சிக்கு வருது" என்றார்.

நடந்தது இதுதான். வேலை வேகமாக நடக்கட்டும் என்று பக்கத்தில் இன்னொரு கொப்பரை போட்டிருக்கிறார்கள். அதன் புகைவழியையும் பழைய 12 அங்குலப் புகைபோக்கியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு தீக்கு அளவாகக் கட்டியதில் இரண்டு தீயின் புகை ஏற முடியவில்லை. மிச்சம் அடுப்பு வாய் வழியாக அந்த அம்மாவின் முகத்துக்கு வந்தது.

இதைச் சரிசெய்ய வந்திருந்த கொத்தனார் அறுபது வயதுக்காரர். அடுப்பு கட்டுவதே அவருடைய தொழில். புகைபோக்கி புகையை வெளியே விடுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்களோடு அவருக்குச் சண்டை. "பொகை மேல போனாத்தானுங்க தம்பி காத்து உள்ள வரும்" என்றார். இயற்பியலும் அதையேதான் சொல்கிறது. 300 டிகிரி சூட்டில் உள்ள புகையின் எடை, அதே கனஅளவு வெளிக்காற்றின் எடையில் பாதிதான். அந்த எடை வித்தியாசமே இழுவை. ஒரு மீட்டர் உயரத்துக்கு அரை மில்லிமீட்டர் நீர்மட்ட அளவு இழுவை கிடைக்கும்; 25 அடிப் புகைபோக்கி முழுதுக்கும் 4 மில்லிமீட்டர். இந்தச் சொற்ப விசையை நம்பித்தான் அடுப்பு முழுவதும் எரிகிறது. உயரத்தை இரட்டித்தாலும் இழுக்கும் வேகம் ஒன்றே கால், ஒன்றரை மடங்குக்குள்தான் கூடும்.

ஆலைக்காரர் 24 அங்குலம் வைத்துவிடலாம் என்றார். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு, நியாயமாகத்தான் பட்டது. கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "அகலத்தக் கூட்டக் கூடாதுங்க. வட்டத்துக்குள்ள இருக்கற எடத்தத்தான் கூட்டோணும்." மூலைமட்டத்தைத் தரையில் வைத்தார். அதன் ஒரு கையில் 12 அங்குலம், மறு கையில் 12 அங்குலம் குறித்து, இரண்டு குறிக்கும் குறுக்கே டேப்பைப் பிடித்தார். பதினேழு. பொதுப் புகைபோக்கியின் விட்டம் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அங்குல வட்டத்தின் பரப்பு 113 சதுர அங்குலம், இரண்டுக்கு 226. 17 அங்குல வட்டத்துக்கு 227. 24 அங்குலமென்றால் 452, வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. இரண்டாவது அடுப்பின் வழி 9 அங்குலமாக இருந்தால் 15 போதும். அஸ்திவாரத்துக்கு மூலை பார்க்க 3, 4, 5 போடுகிற அதே கணக்கு. பித்தாகரஸ் தேற்றத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, அதைப் புகைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? அகன்ற குழாயில் புகை மெதுவாக ஏறும், ஏறுவதற்குள் ஆறும், ஆறினால் இழுவை செத்துப்போகும். ஒரு கொப்பரை மட்டும் ஓடும் நாளில் இது இன்னும் மோசம். ஆகவே ஒவ்வொரு வழிக்கும் ஒரு தகடு வைத்து, எரியாத அடுப்பை அடைக்கச் சொன்னார். இல்லையென்றால் அதன் வழியே குளிர்ந்த காற்று புகுந்து எரிகிற அடுப்பையும் கெடுக்கும். இரண்டு வழிகளும் நேருக்கு நேர் சேராமல் ஒன்றை மேலே தள்ளிக் கட்டினார். எதிரெதிரே வந்தால் ஒன்றின் புகை மற்றதை மறிக்கும்.

இந்தச் சிக்கல் ஆலைக்கு மட்டும் இல்லை. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பும் வெந்நீர்க் கலனும் ஒரே புகைவழியைப் பகிர்வது வழக்கம். அங்கே பெரிய அடுப்பை மட்டும் மாற்றிப் பிரித்தெடுத்தால், சின்னக் கலன் தன்னந்தனியாக அந்தப் பெரிய வழியைச் சூடாக்க முடியாமல் போகிறது. புகையிலுள்ள நீராவி சுவரில் நீராகி, அமிலத்தோடு சேர்ந்து காரையை அரிக்கிறது. அமெரிக்காவில் எந்த உயரத்துக்கு எத்தனை அங்குலம் என்று விதிநூலில் அட்டவணையே உண்டு. கோவை வீடுகளிலும் கேஸ் கீசர்கள் இருக்கின்றன. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். காற்று போதாவிட்டால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். சக்கைப் புகை கண்ணைக் கரித்தாவது எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கொங்கு நாட்டு ஆலைக்காரர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இரண்டாவது கொப்பரை வாங்குவதற்கு முன்னால் அடுப்புக் கொத்தனாரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். அடுப்பு வாயில் உட்காருகிறவரையும் அப்போது கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டில் கீசர் வைத்திருப்பவர்கள் அதன் புகைக்குழாய் வெளிக்காற்றில் போய் முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.