செவலையும் மயிலையும்

மும்பை மகாலட்சுமி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பாலத்தின் மேல் நின்றால், கீழே தோபி காட்டின் கல் தொட்டிகளில் ஊராரின் துணிகள் வெளுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அங்கிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால், 1883-ஆம் ஆண்டு முதல் குதிரைகள் ஓடிவரும் பந்தயத் திடல். இந்த வழியே மின்சார வண்டியில் பதினெட்டு ஆண்டுகளாக அலுவலகம் போய் வந்தும், துணி வெளுக்கும் துறையைப் பார்த்த அளவுக்குப் பந்தயத் திடலை நாங்கள் பார்த்ததில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் வரையில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டோம். அதற்குக் கொடுத்த விலையைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் என்பது மூவர். ஒரே மத்திய அரசு அலுவலகத்தில் ஒரே பிரிவில் எழுத்தர்கள். ஒருவர் கும்பகோணம், ஒருவர் விருதுநகர், ஒருவர் நாகர்கோவில். எங்களைக் குதிரையேற்றியவர் செம்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நெல்லைச் சீமை அண்ணாச்சி. செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமி அவர்கள் நூற்றுக்கணக்கான குதிரைகளுக்கு உரிமையாளராக விளங்கியதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சியின் குரலில் சுவாமி புறப்பாட்டைச் சொல்லும் பக்தி கலந்துவிடும். “அவரு நூத்துக்கணக்குல வச்சிருந்தாரு. நாம எட்டுப் பேரு சேந்து ரெண்டு வைக்கக் கூடாதா, சார்?” என்று ஒரு நாள் புளி நிறுத்துக்கொண்டே கேட்டார். எட்டுப் பங்கு. அண்ணாச்சிக்கு மூன்று, குஜராத்தி ஜவுளி வியாபாரிகள் இருவருக்கு ஒவ்வொன்று, எங்கள் மூவருக்கும் ஒவ்வொன்று. கூட்டு முறைப்படி பதிவாயிற்று.

குதிரைகளுக்குப் பந்தயப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை ஏற்கவில்லை. ஊரில் மாட்டுக்கு நிறம் பார்த்துப் பெயர் சொல்வது போல ஆண் குதிரையைச் செவலை என்றும், சாம்பல் நிறப் பெண் குதிரையை மயிலை என்றும் அழைத்தனர். செவலை ஐந்து வயது, காயடித்தது, கடைசி வகுப்பில் ஓடுவது. ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினோம். பங்குக்கு 20,000 ரூபாய். மயிலை மூன்று வயதுக் குட்டி. அதை விலைக்கு வாங்கவில்லை. வளர்ப்புப் பண்ணையிலிருந்து குத்தகைக்கு எடுத்தது. ஓடும் காலம் வரை செலவு நம்முடையது. பரிசு வந்தால் பண்ணைக்கும் ஒரு பங்கு. ஓட்டம் முடிந்ததும் ஈனுவதற்காகப் பண்ணைக்கே திரும்பிவிடும். கையில் முதல் இல்லாதவனும் குதிரைக்காரன் ஆவதற்கு ஏற்ற வழி இந்தக் குத்தகைதான். மாதந்தோறும் வரும் பயிற்சிச் செலவுக் கணக்குதான் ஆளைத் தின்பது. இரு குதிரைகளுக்குமாக எங்கள் தலைக்கு மாதம் 7,500 ரூபாய் விழுந்தது.

இதை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளை எடுத்துப் பார்த்தோம். பதினெட்டாம் விதியின் விளக்கத்தில், அசையும் சொத்து என்பதில் அடங்குவன யாவை என்று சொல்லும் இடத்தில், மோட்டார் கார், மோட்டார் சைக்கிளுக்கு அடுத்தபடியாகக் ‘குதிரைகள்’ என்றே அச்சாகியிருக்கிறது! விதி வகுத்த பெருமக்கள் எங்களை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். எங்கள் பங்கின் மதிப்பு இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தொடவில்லை; ஆகவே தெரிவிக்கும் கடமையும் இல்லை. ஆயினும் எழுத்தராய்ப் பிறந்தவனுக்குக் காகிதம் கொடுக்காமல் உறக்கம் வருவதில்லை. கொடுத்தோம். குதிரை எந்த ஊர்தி வகையைச் சார்ந்தது, அலுவலகத்துக்கு வர அதைப் பயன்படுத்துவதாக உத்தேசமா என்று ஒரு மாதம் வரை பிரிவில் கேலி ஓயவில்லை.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது கிடைத்த வரவேற்பு வேறு விதமானது. தமிழ்நாட்டில் ‘ரேஸ்’ என்றால் கிண்டியில் குடி கெட்ட கதைதான் பெரியவர்களுக்கு நினைவு வரும். 1974-இல் அங்கே பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டம் அன்று என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைக் கும்பகோணத்துத் தாயாருக்கு விளக்கியபோது, “நீதிபதி வீட்டுப் பணமா போகப் போகிறது?” என்று கேட்டார்கள். அதற்கு மேல் விளக்கவில்லை. பந்தயம் கட்டுவதில்லை, ஓட்டுவது மட்டுமே என்று மூவரும் விரதம் எடுத்துக்கொண்டோம்.

மழைக்காலத்தில் மும்பையில் பந்தயம் கிடையாது. குதிரைகளெல்லாம் புணே போய்விடும். ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இந்திராயணி விரைவு வண்டியைப் பிடித்து, கண்டாலா மலைச்சரிவில் மேகம் சன்னலுக்குள் நுழைய, இட்டிலிப் பொட்டலத்துடன் போவோம். எம்பிரஸ் தோட்டத்தை அடுத்த பந்தயத் திடலில் புல் நனைந்து கிடக்கும். ஜூலையில் செவலை ஓடிய முதல் ஓட்டத்தில் பன்னிரண்டு குதிரைகளில் ஒன்பதாவதாக வந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பினோம். அண்ணாச்சியோ, “நல்லதுதான் சார், புள்ளி இறங்கும்” என்றார்.

அந்தப் புள்ளிக் கணக்கைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஆகஸ்ட் முழுவதும் தேவைப்பட்டது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் ஓட்டத்தைப் பார்த்து அதிகாரி ஒருவர் புள்ளி இடுகிறார். வென்றால் ஏறும், தோற்றுக்கொண்டே வந்தால் இறங்கும். ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ வீதம் முதுகில் எடை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்குக் குறைந்தால் சேணத்தடியில் ஈயத் தகடு செருகுவார்கள். ஆக, கெட்டிக்காரக் குதிரை சுமையோடு ஓடுகிறது; மந்தமானது இலேசாக ஓடுகிறது; எல்லாம் கம்பத்தருகே ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதே அந்த அதிகாரியின் கனவு. நன்றாக வேலை செய்பவனின் மேசையில்தான் கோப்புகளைக் குவிப்பார்கள் என்பதை அறிந்த எங்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

பந்தயத்தைக் காட்டிலும் எங்களைப் பிடித்து வைத்தது லாயம்தான். விடியுமுன் பயிற்சி ஓட்டம். பிறகு குளிப்பாட்டி, கால்களைத் தடவிச் சூடு பார்ப்பார் குதிரைக்காரர். இராஜஸ்தானத்திலிருந்து வந்தவர், எங்கள் இரு குதிரைகளையும் கவனித்துக்கொண்டவர், லாயத்து வாசலிலேயே கயிற்றுக் கட்டிலில் படுப்பவர். காலில் சூடு என்றால் நரம்பில் நோவு. தொட்டியில் தீனி மிச்சம் என்றால் உடம்பில் ஏதோ கோளாறு. இவ்விரண்டையும் கேட்காமல் அவர் எங்களிடம் நலம் கூட விசாரித்ததில்லை. எங்கள் கேள்விகளும் அவையாகவே ஆகிவிட்டன. பந்தய நாளுக்கு முன் இரும்பு லாடத்தைக் கழற்றி இலேசான அலுமினிய லாடம் அடிப்பார்கள். அந்தப் பழைய இரும்பு லாடங்களில் ஒன்று இன்றும் கும்பகோணத்தார் வீட்டு நிலைப்படியில் இருக்கிறது. சூதாட்டம் என்று கடிந்துகொண்ட தாயார் லாடத்தை மட்டும் மறுக்கவில்லை.

செப்டம்பரில் மயிலை முதன்முதலாக ஓடி நான்காவதாக வந்தது. அதன் ஓட்டத்தில் ஒரு நேர்த்தி இருந்தது; கழுத்தை நீட்டிக் காதை மடக்காமல் ஓடும். பயிற்சியாளர் அதிகம் பேசாதவர். அவரே, மும்பைக்கு வரட்டும் பார்ப்போம் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இரண்டு மாதக் கணக்கை முணுமுணுக்காமல் கட்டினோம். நவம்பரில் மும்பைப் பருவம் தொடங்கியது. டிசம்பரில் 1400 மீட்டர் ஓட்டமொன்றில் மயிலை கடைசி வளைவு திரும்பி முன்னால் வந்தது. நூறு மீட்டர் வரை எங்கள் குதிரைதான் முதல்! குரல் எங்களுடையதுதானா என்று தெரியாமல் கத்தினோம். கம்பத்தருகே கழுத்து நீளத்தில் இரண்டாவதாயிற்று. அன்றுதான் விரதம் முறிந்தது. மயிலையின் மேல் ஆளுக்கு 500 ரூபாய், அதுவும் வெற்றிக்கு மட்டும் கட்டியிருந்தோம். இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை. கட்டிய பணத்தில் அரசுக்கு அப்போது 28 விழுக்காடு வரி இருந்ததை நினைத்து, அரசு ஊழியர்கள் என்ற முறையில் ஆறுதல் கொண்டோம்.

ஜனவரி முதல் தேதி எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஒரு வயது கூடிவிடும். பிறந்த நாள் எதுவாயினும் சரி. மயிலைக்கு நான்கு நிரம்பியதாகக் கணக்கு. அந்த வாரமே காலைப் பயிற்சியில் அதன் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. வேகமாக ஓடும் குதிரைகளுக்கு நுரையீரலின் நுண்குழல்கள் வெடித்து இப்படி நேர்வதுண்டு. ஓய்வு என்றார்கள், அந்தப் பருவத்தில் அது பின்னர் ஓடவில்லை. மயிலையின் மேல் வைத்த நம்பிக்கையெல்லாம் கரைந்திருந்த மூன்றாம் வாரத்தில், யாருமே எதிர்பாராத செவலை 1200 மீட்டர் ஓட்டத்தில் வென்றது. பதினொரு புள்ளி இறங்கி, சுமை குறைந்து, முதலிலேயே முன்னால் போய் யாருக்கும் வழிவிடாமல் ஓடி முடித்துவிட்டது. ஒன்றுக்குப் பத்துக்கு மேல் கிடைத்திருக்கும். டிசம்பர்ப் பாடத்தால் அன்று யாரும் கட்டவில்லை. வென்ற குதிரையைக் கடிவாளம் பற்றி நடத்தி வரும் உரிமை உரிமையாளர்களுக்கு உண்டு. பங்குக்காரர் எல்லாரும் குடும்பத்தோடு சேர்ந்ததால் படத்தில் குதிரையின் முகமும் ஒரு காதும் மட்டுமே தெரிகின்றன. பரிசுப் பணத்தில் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் சேர வேண்டியது போக எங்கள் பங்குக்கு 17,000 ரூபாய் சொச்சம் வந்தது. அதுவரை கட்டியதோ அதைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

மார்ச்சில் செவலை மீண்டும் ஓடியது. பாதி வழியில் ஜாக்கி எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்தார். முன்னங்கால் நரம்பு வில்லைப் போல வீங்கிவிட்டது. ஆறுமாலும், ஆனால் பந்தயத்துக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னார். பெண் குதிரையானால் பண்ணைக்குப் போகும். காயடித்த ஆண் குதிரைக்கு அந்த வழியும் இல்லை.

அண்ணாச்சி கடையின் பின்கட்டில் கூடினோம். ஜவுளி வியாபாரிகள், தரகர் ஒருவர் 40,000 தருவதாகச் சொல்கிறார் என்றனர். கல்யாண ஊர்வலங்களுக்கு மாப்பிள்ளைக் குதிரையாக விடுவாராம். புணேக்கு அருகே குதிரையேற்றம் கற்பிக்கும் இடமொன்று இலவசமாகக் கொடுத்தால் ஏற்பதாகவும், கால் ஆறும் வரை மூன்று மாதத் தீனிச் செலவை நாங்களே ஏற்க வேண்டுமென்றும் பயிற்சியாளர் தெரிவித்திருந்தார். ஒரு பக்கம் பங்குக்கு 5,000 வரவு. மறுபக்கம் அதே போன்ற செலவு. லாயத்தில் அத்தனை காலை நேரங்களைக் கழித்த நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை. தரகருக்கே என்று முடிவாகும் நிலையில், கணக்குச் சொல்ல வந்து ஓரமாக நின்ற குதிரைக்காரர் இந்தியில், இது இடி இடித்தாலே சுவரை உதைக்கும், பேண்டு வாத்தியத்துக்கு நடுவே எப்படி நிற்கும் என்று கேட்டார். கேட்டது எங்களைத்தான்.

அண்ணாச்சி சிறிது நேரம் மேசைமேல் சிந்திக் கிடந்த துவரம்பருப்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு, செவலையைத் தாமே எடுத்துக்கொள்வதாகவும், தரகர் விலைப்படி எல்லாருக்கும் பங்கைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். வியாபாரிகளுக்குப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். எங்கள் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் கொடுத்துரட்டா, சார்?” என்றார். விருதுநகரும் நாகர்கோவிலும் வேண்டாம் என்றன. தீனிச் செலவில் தாமும் சேர்வதாகச் சொல்லின. ஒருவர் மட்டும் வாங்கிக்கொண்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த வாரம் கடைசி நாள். பத்து மாதக் குதிரைக் கணக்கு அந்தக் கட்டணத்தைத்தான் தின்றிருந்தது. நாங்கள், நாங்கள் என்று இதுவரை எழுதிவந்தாலும் அந்த இடத்தில் மட்டும் கையை நீட்டியது ஒரே கை; இதை எழுதுகிற கைதான். நண்பர்கள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

ஜூலையில் மறுபடியும் இந்திராயணி. மயிலை உடல் தேறிப் புணேயில் ஓடக் காத்திருந்தது. குத்தகை முடியும் வரை பங்கு தொடர்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் மூவரும் அண்ணாச்சியுடன் செவலை இருந்த இடத்துக்குப் போனோம். சட்டைப் பையில் ஓர் உறையில் 5,000 ரூபாய் இருந்தது. அண்ணாச்சி வாங்க மறுத்துவிட்டார். “அங்க கணக்கப்பிள்ளைகிட்ட கொடுங்க சார், கொள்ளு வாங்குவாக” என்றார். கொடுத்து இரசீது பெற்றோம். மைதானத்தில் பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சுமந்துகொண்டு செவலை நிதானமாக வட்டமிட்டது. நொண்டல் தெரியவில்லை. ஓட்டம் முடிந்து வேலியருகே வந்ததும் அண்ணாச்சி வெல்லக்கட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தின்றது. எங்களை அடையாளம் கண்டதாகத் தோன்றவில்லை. வெல்லப் பையைத்தான் மூக்கால் துழாவியது. பை காலியாகும் வரை நின்றுவிட்டு, மயிலையின் காலில் சூடு உண்டா, தீனி மிச்சம் வைக்கிறதா என்று விசாரிக்க லாயத்தைப் பார்த்து நடந்தோம்.