நாவின் சாட்சியம்

உண்பதும் பருகுவதும் எல்லா உயிர்க்கும் பொதுவானவை. உண்டதையும் பருகியதையும் தரம் பிரித்து, இது நன்று, இது குறையுடையது எனச் சொல்லுதல் மனிதர்க்கே உரிய தொழிலாகும். கைப்பையும் துவர்ப்பையும் இனிப்போடு ஒருங்கெண்ணி அறுசுவை என வகுத்த தமிழ் மரபு, இத்தொழிலின் நுட்பத்தை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. மேனாட்டு அறிவியலார் துவர்ப்பைச் சுவையென எண்ணுவதில்லை; வாயினுள்ளே நிகழும் ஒருவகைத் தொடுவுணர்வாகவே பெரிதும் கொள்வர். தமிழிலோ அது தனிப்பெயர் பெற்ற சுவை. பெயர் இருத்தலும் இல்லாதிருத்தலும் ஏட்டளவில் நின்றுவிடும் வேறுபாடுகள் அல்ல என்பதைக் கல்முனைக் கரையில் வாழும் தேநீர்க் கடைக்காரர் ஒருவரின் அநுபவம் தெளிவாக்குகின்றது.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்களைக் கோத்துக்கொண்டு செல்கின்றது. கிழக்கே கடல்; மேற்கே வயல். சுபஹுத் தொழுகை முடித்து வருவோரும், கரைவலை இழுக்கச் செல்வோரும், வயலுக்குப் புறப்படுவோரும், தறியில் அமரப் போவோரும் இவ்வூர்களில் விடியற்பொழுதில் முதலாவதாக நாடுவது ஒரு கோப்பை வெறுந்தேநீரையே. 'பிளேன்ரீ' என்பது ஊர்வழக்கு. பாலின் மறைவு இல்லாமையால் அதில் தேயிலையின் குணமும் குற்றமும் அப்படியே வெளிப்படும். பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு தணித்துவிடும். வெறுந்தேநீருக்கு அந்தத் துணை கிடையாது.

கல்முனைக்குடியில், கடற்கரைப் பள்ளிவாசலுக்குச் செல்லும் வழியொன்றில் அவருடைய கடை இருக்கின்றது. நான்கு வாங்குகள், ஒரு மேசை, ஒரு பொயிலர், துணிப்பை வடி, கண்ணாடிக் கோப்பைகள். இவ்வளவே அதன் உடைமை. ஆயினும், "அவர்ர பிளேன்ரீ" என்று மற்ற ஊரவரும் சொல்லுமளவுக்கு அதற்கொரு பெயர் இருந்தது. அப்பெயரின் வேர் கொழும்பில் இருந்தது.

இளமையில் அவர் கொழும்புக்குச் சென்று, தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றின் சுவைகாண் அறையிலே கோப்பை கழுவும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தார். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், பதினாறே ஆண்டுகளில், 1883இல், கொழும்பில் பகிரங்க ஏலம் காணுமளவுக்கு வளர்ந்தது. அன்று முதல் தேயிலையின் விலையை நிர்ணயிப்பதில் சுவைஞரின் நாவுக்குப் பெரும் பங்கு இருந்து வருகின்றது. நீண்ட மேசையில் வெண்பீங்கான் கெண்டிகளும் கிண்ணங்களும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தேயிலை, ஒரே அளவு கொதிநீர், ஒரே அளவு நேரம். 1980இல் வெளியான உலகத் தரநிருணய விதி, 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலையும் 6 நிமிட ஊறலும் என இதனை வரையறுக்கின்றது. சுவைஞர் கரண்டியால் அள்ளி, காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சி, வாய் முழுவதும் பரவவிட்டு, உமிழ்கலத்தில் உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். அருகில் நிற்பவர் அவருடைய ஒருசொல் தீர்ப்புகளைக் குறித்துக்கொள்வார்.

கோப்பை கழுவிய இளைஞர் உமிழவில்லை. சுவைஞர் விட்டுச் சென்ற மிச்சத்தை இரகசியமாகப் பருகிப் பருகித் தம் நாவைப் பழக்கிக்கொண்டார். ஆங்கிலச் சொற்கள் அவருக்கு வசப்படவில்லை; சுவைகள் வசப்பட்டன. ஊருக்குத் திரும்பிக் கடை வைத்தபோது, ஊவாத் தூளையும் தாழ்நிலத் தூளையும் தாமே கலந்து, தமக்கென ஒரு கலவையை அமைத்துக்கொண்டார். அதன் அளவு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு மூட்டை வந்தபோதும் நாவே அளவுகோலாயிற்று.

ஊவாத் தேயிலைக்கும் கல்முனைக்கும் இடையே ஓர் உறவுண்டு; அதை இணைப்பது காற்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து கிழக்கே இறங்கும் காற்றைக் கச்சான் என்பர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அவ்வுலர்காற்றுப் படும் ஊவாக் கொழுந்துக்கே அதற்குரிய தனிமணம் வாய்க்கின்றது. அதே காற்றுக் கீழே கரையை அடைகையில் அனலாக வீசி மக்களை வருத்துகின்றது. "கச்சான் நம்மள வாட்டினாத்தான் தேயிலை மணக்கும்" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பானங்களை மதிப்பிடும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒரே தன்மையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்த வெளிர்நிற பியர், பின்னர் 'இந்தியா பேல் ஏல்' எனப் பெயர் பெற்றது. ஹொப் என்னும் கொடியின் பூங்கொத்துத் தரும் கைப்பும் மணமுமே அதன் சிறப்பு. அண்மைய பதிற்றாண்டுகளில் அமெரிக்காவிலும் பிறநாடுகளிலும் சிறு வடிசாலைகள் அதற்குப் புத்துயிர் அளித்துள்ளன. மார்க்கம் விலக்கிய பானமாதலின் அதன் சுவை இக்கரையின் முஸ்லிம் ஊர்களுக்கு வேண்டற்பாலதன்று. எனினும், அதன் தரங்காண 1985இல் அமெரிக்காவில் தோன்றிய நடுவர் அமைப்பின் புள்ளித்தாள் கருதத்தக்கது. மொத்தம் 50 புள்ளிகளில் மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, முழுமைக்கு 10. தோற்றத்துக்கு 3 மட்டுமே. கண்ணை எளிதில் ஏமாற்றலாம் என்பதை அறிந்தோர் வகுத்த கணக்குப் போலும் அது. தேயிலைக்கும் இக்கணக்குப் பொருந்தும்; கடைக்காரரின் வாழ்வில் அது கசப்பாகவே பொருந்திற்று.

2021ஆம் ஆண்டு கொவிட் நோய் அவரைப் பற்றியது. மூச்சுக்குப் பங்கமின்றி அவர் தேறினார். ஆனால் மணம் அவரை விட்டு அகன்றது. முதற் சில வாரங்கள் சீனிக்கும் உப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. பின்னர் அவ்வேறுபாடு மங்கலாக மீண்டது, மணம் மீளவில்லை. சுவையென நாம் சொல்வதன் பெரும்பகுதி மூக்கின் கொடையே என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். கடையைத் திறந்து, நீரைக் கொதிக்க வைத்து, வழமைபோல் கலந்து முதற்கோப்பையை வாயில் வைத்தவருக்கு வெந்நீரின் சூடு மட்டுமே தெரிந்தது. வாடிக்கையாளரிடம் இதனை அவர் சொல்லவில்லை. தேநீர்க் கடைக்காரர் நாவிழந்தார் எனும் செய்தி பரவினால் கடைக்கு வேறு நோய் வேண்டியதில்லை.

வீட்டில் உம்மா சீனி மிகுந்த பாற்றேநீரே பருகுபவர். ஆகவே, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் பயின்று, நோய்க்காலத்தில் விரிவுரைகள் இணையவழி நடந்தமையால் வீட்டிலிருந்த மூத்த மகளை அவர் அழைத்தார். இரவில் அடுக்களையில் இரண்டு கோப்பைகள் வைக்கப்பட்டன.

"என்ன மாதிரி இரிக்கு மகள்?"

"நல்லா இரிக்கு வாப்பா."

"நல்லா இரிக்கு எண்டா எனக்கு விளங்காது. முதல்ல நாக்கு நுனியில என்ன? பொறகு கன்னத்துல என்ன? விழுங்கினாப் பொறகு தொண்டையில என்ன நிக்கிது?"

அவளிடம் விடையில்லை. அவரிடமும் கேள்விக்கு மேல் சொல்லில்லை. பல்லாண்டுகளாக அவர் பிழையின்றித் தீர்ப்பளித்து வந்தவர். ஆனால் ஒரு தீர்ப்பையேனும் வாய்திறந்து விளக்கியவரல்லர். நாவு இருந்தவரை சொல் தேவைப்படவில்லை. இப்போது அவருடைய அறிவு முழுவதும் உள்ளே இருந்தது. அதனை வெளியே எடுக்கும் வழி இல்லை. ஆகவே தந்தையும் மகளுமாகச் சொற்களைத் தேடத் தொடங்கினர். கன்னத்தின் உட்புறத்தைச் சுருக்குவது கயர். பருகியதும் வாயைத் துள்ளி விழிக்கச் செய்வது உசார். அது இல்லாத தேநீர் செத்தது. நாவில் பாரமாக அமர்வது கனம். நெடுநேரம் கொதித்தது அவிஞ்சது. கொழும்பு மேசையில் அவர் கேட்டு மறந்த ஆங்கிலச் சொற்களுக்கு இவை ஈடாயினவோ இல்லையோ, அடுக்களைக்கு ஈடாயின. சில மாதங்களில் அவள் சொல்லச் சொல்ல, அவர் தூளைக் கூட்டியும் குறைத்தும் பழைய கலவையை மீட்டுவிட்டார். கடையில் ஒருவரும் வேறுபாடு காணவில்லை.

2022 வந்தது. ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. சீனிக்கும் எரிவாயுவுக்கும் வரிசைகள் நீண்டன. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தமையால் தேயிலை விளைச்சலும் குன்றியிருந்தது. அந்நாட்களில் வெளியூர் வியாபாரி ஒருவர் புதிய தூள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் சொன்ன விலை, அன்றைய சந்தை விலையில் மூன்றிலிரண்டு பங்கே. கோப்பையில் ஊற்றினால் மாதுளை முத்தின் நிறம். கடைக்காரர் ஈரமான வெள்ளைக் கடதாசியில் தூளைத் தூவிப் பார்த்தார். சாயம் கலந்திருந்தால் கறை படியும். கறை படியவில்லை. கண்ணுக்குரிய 3 புள்ளிகளும் அத்தூளுக்குக் கிடைத்துவிட்டன.

மகள் முன்னே கோப்பை வைக்கப்பட்டது. மேசையின் மறுபுறம் கடன் கொப்பியும் எண்ணி வைத்த பணமும் இருந்தன. அக்கொப்பியின் பக்கங்களை அவள் அறிவாள். அவளுடைய படிப்புச் செலவும் அவற்றுள் எழுதப்பட்டிருந்தது. தந்தையின் முகத்தில், அவள் 'நன்று' எனச் சொல்லிவிடமாட்டாளா என்ற ஆசை வெளிப்படையாகவே தெரிந்தது.

முதல் மிடற்றில் மெல்லியதோர் இனிப்பு, பின்னர் ஒன்றுமில்லை. கயர் இல்லை, உசார் இல்லை. தானே மறுபடி நீர் கொதிக்கவைத்து இரண்டாவது கோப்பை தயாரித்தாள். அதே இனிப்பு. தேயிலைத் தூளுக்கு நிறமும் எடையும் கூட்டுவதற்காகச் சீனி கலக்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டென்பதைத் தந்தையே அவளுக்குச் சொல்லியிருந்தார். ஆயினும் அவ்வினிப்பு மிக நுண்ணியது. சீனி இட்டுக் குடிக்கும் கடையில் அதனை எவரும் அறியார். அவளைத் தவிர வேறு சாட்சி இல்லை. நன்று எனச் சொல்லிவிட்டால் அச்சொல்லே தீர்ப்பாகிவிடும்; தந்தையால் அதனை மறுதலிக்கவும் இயலாது. பிறர் நாவை நம்பி வாழ்பவருக்குப் பொய்யும் மெய்யும் ஒரே ஓசையுடன்தான் வந்து சேரும்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்பு சொன்னாள்: "உசாரில்ல வாப்பா. கயரும் இல்ல. சீனி போடாமலே இனிக்கிது."

"சரியாப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்தன்."

அவர் பணத்தை எடுத்து மடித்துக்கொண்டார். மூட்டை மறுநாட் காலையில் திருப்பியனுப்பப்பட்டது. அதன் விளைவு கதைகளில் வருவதுபோல் இனிதாக முடியவில்லை. கோப்பையின் விலையை உயர்த்த நேர்ந்தது. சாயம் மிகுந்த, விலை மலிந்த தேநீரை நாடிப் பலர் வேறு கடைகளுக்குச் சென்றனர். அவர்களுட் சிலர் திரும்பவில்லை. நான்கு வாங்குகளுள் ஒன்று விற்கப்பட்டது. கடன் கொப்பி மூடப்பட மேலும் ஓராண்டு பிடித்தது. ஆனால் அன்றிரவுக்குப் பின், மகள் சொல்வதை அவர் இரண்டாவது முறை கேட்டதில்லை.

ஒரு பொருளைத் தரங்காணும் ஆற்றல் நாவிலும் மூக்கிலும் தோன்றுவது உண்மை. ஆயினும் அது ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்றடைவதற்கு இரண்டு வேண்டும்: பொருத்தமான சொல், அச்சொல்லைத் தன் நலத்துக்கு வளைக்காத மனம். முதலாவதைத் தந்தையும் மகளும் சேர்ந்து தேடினர். இரண்டாவதை அவள் தனியே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. கொழும்பின் வெண்பீங்கான் கிண்ணங்களுக்கு முன் நிற்கும் சுவைஞரும் புள்ளித்தாளோடு அமரும் நடுவரும் வேண்டிநிற்பதும் இவ்விரண்டையே.

பின்னொரு கச்சான் காலத்தில், ஆகஸ்ட் மாத நண்பகல் ஒன்றில், புதிதாய் வந்த ஊவாத் தூளின் பொதியை அவர் பிரித்தார். ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வந்தது. அது மணமா, மணத்தின் நினைவா என அவரால் துணிய இயலவில்லை. மகளை அழைத்துப் பொதியை அவளிடம் நீட்டினார்.

"நீ முதல்ல சொல்லு மகள். பொறகு நான் சொல்றன்."